கர்வ் ஃபிட் நான் கொடுத்த தொடக்க மதிப்புகளையே திருப்பித் தருகிறது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். சூடான பொருள் ஒன்று ஆறும்போது எடுத்த வெப்பநிலை அளவீடுகள் எக்செல் கோப்பில் உள்ளன. தலைப்புக்குக் கீழே அலகுகளுக்கென ஒரு வரி இருக்கிறது. பைத்தானின் பாண்டாஸில் (அட்டவணைத் தரவுக்கான தொகுப்பு) படித்து, அந்த வரியை நீக்கிவிட்டு, சைபையின் (அறிவியல் கணக்குத் தொகுப்பு) கர்வ் ஃபிட்டில், அதாவது தரவுக்குப் பொருந்தும் வளைகோட்டின் அளவுருக்களைத் தேடும் கருவியில், அடுக்குக்குறித் தேய்வைப் பொருத்தினேன். நம்பையின் (எண் கணக்குத் தொகுப்பு) எக்ஸ்ப் ஃபங்ஷன் டைப் எர்ரர் (தரவு வகைப் பிழை) கொடுத்தது. நேரத்தை ஃப்ளோட்32 (32 பிட் தசம எண்) ஆக்கியதும் அது போய்விட்டது. ஆனால் மூன்று அளவுருக்களுக்குத் தொடக்கமாகக் கொடுத்த 60, 0.05, 30 அப்படியே விடையாக வருகின்றன. கோவேரியன்ஸ் (விடைகளின் நிச்சயமின்மையைக் காட்டும் அணி) முழுக்க இன்ஃபினிட்டி.

பதில் 1:
தொடக்க மதிப்புகள் ரொம்பத் தள்ளி இருக்கலாம். வரைந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், கிட்டத்தட்ட சரியாகவே உள்ளன. எதைக் கொடுத்தாலும் அதுவேதான் திரும்பி வருகிறது.

பதில் 2:
அப்படியானால் சிக்கல் ஃப்ளோட்32தான். சாய்வைக் (அளவுரு மாறினால் விடை எவ்வளவு மாறும் என்பதை) கணிக்க கர்வ் ஃபிட் ஒவ்வொரு அளவுருவையும் அதன் மதிப்பில் சுமார் 1.5×10⁻⁸ பங்கு நகர்த்திப் பார்க்கும். அது 64 பிட் எண்ணான ஃப்ளோட்64க்கு ஏற்ற அடி. ஃப்ளோட்32இல் 1க்கு அடுத்த எண்ணே சுமார் 1.2×10⁻⁷ தள்ளித்தான் இருக்கிறது. நகர்த்தியது உருண்டு பழைய எண்ணாகவே ஆகிவிடும், சாய்வு சுழி. எந்தப் பக்கம் போனாலும் மாற்றமில்லை என்று நினைத்து நின்றுவிடுகிறது.

நம்பை அரே (எண்களின் வரிசை) கொடுத்திருந்தால் கர்வ் ஃபிட்டே ஃப்ளோட்64 ஆக்கிக்கொள்ளும். பாண்டாஸ் சீரிஸாக (அட்டவணையின் ஒரு நெடுவரிசையாக) வரும் எக்ஸ் தரவை, இங்கே நேரத்தை, மட்டும் அது தொடுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. வகையை மாற்றும் அஸ்டைப்பில் வெறும் ஃப்ளோட் (அதாவது ஃப்ளோட்64) என்று போட்டு, அரேயாக மாற்றும் டூ நம்பை வழியாக அனுப்புங்கள்.

முதல் எர்ரருக்குக் காரணம் அந்த அலகு வரி. எழுத்து கலந்ததால் நெடுவரிசை ஆப்ஜெக்ட் (எண்ணுக்கென இல்லாத பொது) வகையானது. வரியை நீக்கினாலும் வகை மாறாது. படிக்கும்போதே, தவிர்க்க வேண்டிய வரிகளைச் சொல்லும் ஸ்கிப்ரோஸில் [1] (0இலிருந்து எண்ணுவதால் இரண்டாம் வரி) கொடுத்தால் ஆப்ஜெக்ட் வகையே வராது.

கேட்டவர்:
இரண்டையும் மாற்றினேன், இப்போது பொருந்துகிறது. ஒரு சந்தேகம்: ஃப்ளோட்32 ஆகச் சேமித்த பழைய கோப்புகளை வீசிவிடவா?

பதில் 2:
வேண்டாம். ஏழு இலக்கத் துல்லியம் வெப்பமானிக்குத் தாராளம். போன இலக்கங்கள் திரும்ப வரா, ஆனால் கணக்கு ஃப்ளோட்64இல் நடந்தால் போதும். உங்கள் ஃபங்ஷனுக்குள் வேறெங்கும் ஃப்ளோட்32 இல்லையா என்று மட்டும் பாருங்கள்.