புதுப்பிப்பு: சேனா வெந்நீர் ஊற்றுப் பயணம், ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கு மாறியது

அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்று விடுதிக்கு ஜனவரியில் குடும்பத்துடன் சென்று, வாடகைக் காரை நாங்களே ஓட்டிக்கொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தப் பதில்களால் திட்டமே மாறிவிட்டது.

ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர் செல்லும் சாலை அந்த விடுதியிலேயே முடிவடைகிறது. வழியில் பெரும்பகுதிக்குக் கைபேசித் தொடர்பு இல்லை என்பதாலும், பனிச்சாலையில் வண்டி ஓட்டிய அனுபவம் எங்களில் எவருக்கும் இல்லை என்பதாலும், ஓட்டுநருடன் கூடிய வேனை ஏற்பாடு செய்துவிட்டோம். நான்கு முதல் ஏழு மணி நேரமே பகல் நீடிக்கும் ஜனவரியின் கடுங்குளிரை விட, இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாக இருப்பதும் இரவு வானில் வண்ணமாக ஒளிரும் துருவ ஒளியைக் காண ஏற்றதுமான மார்ச் இறுதியே எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டது.

பாறைகள் சூழ்ந்த திறந்தவெளி வெந்நீர்க் குளத்தில் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். ஆகவே 12 வயது மகளுடன் உள்ளரங்கக் குளத்தில் நானும் மனைவியும் முறைவைத்து இருப்போம். அவளுக்கோ குளத்தை விட, சுமார் 74 டிகிரி செல்சியஸ் ஊற்று நீரைக் கொண்டே 2006 முதல் மின்சாரம் தயாரிக்கும் நிலையத்தைப் பார்ப்பதில்தான் பேராவல், எனக்கும் அப்படியே.

அறை உறுதியாகிவிட்டது. ஓரிரவு வானம் மேகமூட்டமாக இருந்தாலும் மறுநாள் துருவ ஒளியைக் காண வாய்ப்பு இருக்கட்டும் என்று மூன்று இரவுகள் தங்குகிறோம்.