கீ வாங்கியும் விண்டோஸ் ஆக்டிவேட் ஆக மாட்டேங்குது, அவசரம்

மதி_பட்டர்வொர்த் (வெள்ளி இரவு 11.42)
வணக்கம். லேப்டாப்ல வலது பக்கம் கீழ விண்டோஸை ஆக்டிவேட் பண்ணுன்னு எழுத்து வந்து ரெண்டு வாரம் ஆச்சு, போகவே மாட்டேங்குது, வால்பேப்பரும் மாத்த முடியல. இத்தனை நாளா ஓடினது திருட்டு விண்டோஸ்னு இப்பதான் தெரியும். சரி, இனிமேலாவது ஒழுங்கா காசு கொடுத்து வச்சுக்குவோம்னு ஆன்லைன்ல 19 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீ, அதான் ஆக்டிவேட் பண்ற நம்பர், வாங்கினேன், அதை அடிச்சா ஏத்துக்கல. திங்கக்கிழமை டியூஷன், எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) பிள்ளைங்களோட பயிற்சித்தாள் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. ஃபார்மட் பண்ணாம வழி இருக்கா, சீக்கிரம் சொல்லுங்க.

செந்தூல்_பையன்
10ஆ 11ஆ? என்ன எரர் கோடு? லேப்டாப் என்ன மாடல், எந்த வருஷம்? கீ ஹோம் எடிஷனுக்கா புரோ எடிஷனுக்கா?

ஜெலுத்தோங்_ரவி
முதல்ல தேதி சரியா இருக்கான்னு பாருங்க டீச்சர். போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி செத்துட்டா தேதி பின்னால போயிடும், அப்புறம் எதுவுமே ஆக்டிவேட் ஆகாது. எனக்கு ரெண்டு தடவை இதே கதை. 5 வெள்ளி பேட்டரி, வேலை முடிஞ்சுது.

பழைய_டெக்னிஷன்
இதே கேள்விக்கு இங்க நான் எத்தனை தடவை பதில் எழுதியிருக்கேன்னு எனக்கே கணக்கில்ல. மேல தேடுற பெட்டி ஒன்னு இருக்கு, அழகுக்கு வைக்கல. 19 வெள்ளிக்கு அசல் விண்டோஸ் கிடைக்கும்னு நம்புறவங்களுக்கு நான் என்னத்த சொல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துலயே நாங்க இதெல்லாம் பார்த்தாச்சு.

செந்தூல்_பையன்
அண்ணே, எக்ஸ்பி காலத்துல நீங்க எதைப் பார்த்தீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் லா. சிடி அஞ்சு வெள்ளி, பிளாஸ்டிக் கவர்ல மார்க்கர் பேனாவால எழுதின பேரு. எஃப்சிகேஜிடபிள்யூனு ஆரம்பிக்கிற சீரியலை ஊரே மனப்பாடமா வச்சிருந்துச்சு, வீட்டு போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது.

பழைய_டெக்னிஷன்
அதை மைக்ரோசாஃப்ட் 2002லயே சர்வீஸ் பேக் 1ல அடைச்சுட்டான். வரலாறு பேசறதுன்னா முழுசா பேசணும் தம்பி.

பெங்குவின்_பக்தன்
எதுக்கு இந்தத் தலைவலி? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போடுங்க, இலவசம், கீயும் கிடையாது ஒன்னும் கிடையாது. வேர்டுக்குப் பதிலா லிப்ரே ஆபிஸ். எங்க அம்மாவே ஓட்டுறாங்க.

மதி_பட்டர்வொர்த் (சனி காலை 8.15)
மன்னிக்கணும், தூங்கிட்டேன். விண்டோஸ் 10. லேப்டாப் 2017ல புதுசா வாங்கினது, ஐ5, 7200னு ஸ்டிக்கர்ல இருக்கு. கீ ஹோம். தேதி சரியாத்தான் இருக்கு. கோடு நீளமா இருக்கு, கடைசில எஃப்074. அதுக்கு மேல உங்க நிறுவனத்தோட ஆக்டிவேஷன் சர்வரைத் தொட முடியலன்னு சொல்லுது. எந்த நிறுவனம்? நான் வீட்டு ஹால்ல மேசை போட்டு டியூஷன் எடுக்கிறவ.

கமலா_பிரிக்பீல்ட்ஸ்
அந்த ஒரு வரி போதும்மா. உங்க விண்டோஸ் தன்னை ஏதோ ஒரு பெரிய கம்பெனியோட மிஷின்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒன்னு, விண்டோஸ் எப்ப, யார் போட்டாங்க, போர்டு மாத்தினாங்களா? இன்னொன்னு, கருப்பு விண்டோ (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐனு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு சின்னப் பெட்டி வரும், அதுல மேல ரெண்டு வரி என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. லேப்டாப் பூட்டிக்கும்னு பயப்படாதீங்க, ஆக்டிவேட் ஆகாட்டியும் ஓடும், தொல்லைதான் கொடுக்கும்.

மதி_பட்டர்வொர்த்
போர்டு மாத்தல. ரொம்ப மெதுவா இருக்குன்னு மே மாசம் ஒரு கடையில பழைய ஹார்ட் டிஸ்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டினு வேகமான டிஸ்க் போட்டாங்க, அப்ப அவங்களே விண்டோஸ், ஆபிஸ் எல்லாம் போட்டுக் கொடுத்தாங்க. அதே மாசம் தம்பி ஒரு ஆன்டிவைரஸ் போட்டான், அது ஏதோ ஃபைலைப் பிடிச்சு அழிச்சுது. பெட்டில எண்டர்பிரைஸ் எஸ்னு இருக்கு, அடுத்த வரில வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட். ஆமா அக்கா, இதுல ஸ்டோர்கூட இல்ல, ஏன்னு ரொம்ப நாளா புரியல.

கமலா_பிரிக்பீல்ட்ஸ்
எல்லாம் ஒட்டிடுச்சு. எண்டர்பிரைஸ் எஸ்னா எல்டிஎஸ்சினு ஒன்னு, ஏடிஎம் மாதிரி வருஷக்கணக்கா மாத்தாம ஓடுற மிஷினுக்கு விக்கிறது, அதனாலதான் ஸ்டோர் இல்ல. பெரிய கம்பெனில கேஎம்எஸ் சர்வர்னு ஒன்னு இருக்கும், எல்லா மிஷினும் அதுக்கிட்டதான் போய் ஆக்டிவேட் ஆகும், ஒரு தடவை ஆனா 180 நாள் செல்லும், அதுக்குள்ள ஏழு நாளைக்கு ஒரு தடவை போய் புதுப்பிச்சுக்கும். கடைக்காரர் வச்ச கிராக், அதான் திருட்டு ஆக்டிவேஷன் புரோகிராம், உங்க லேப்டாப்புக்குள்ளயே ஒரு பொய் சர்வரா நடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தம்பியோட ஆன்டிவைரஸ் அதை அழிச்சதும் புதுப்பிக்க ஆளில்ல, மே மாசத்துலேர்ந்து எண்ணிப் பாருங்க.

ஹோம் கீ ஏன் ஏறலன்னா, எண்டர்பிரைஸ் மேல ஹோம் கீ போடவே முடியாது. அந்த 19 வெள்ளி கீ நல்லதா கெட்டதான்னு பேசறதுக்கே இடமில்ல. இன்னொரு கீ வாங்கிடாதீங்க. 2017ல கடையில புது லேப்டாப்பா விண்டோஸோட வாங்கினீங்கன்னா லைசென்ஸுக்கு நீங்க அப்பவே காசு கொடுத்தாச்சு. விண்டோஸ் 8 வந்த 2012லேர்ந்து கம்பெனிக்காரங்க கீயை ஸ்டிக்கர்ல ஒட்டறதில்ல, போர்டுல லேப்டாப்பை ஆரம்பிச்சு வைக்கிற பயாஸ் சிப்லயே எழுதிடறாங்க. ஹார்ட் டிஸ்க் போனாலும் அது போகாது. உங்க சொந்த விண்டோஸ் இத்தனை மாசமா உள்ளேயே இருக்கு, அதுக்கு மேல திருட்டு விண்டோஸை ஓட்டியிருக்காங்க.

மதி_பட்டர்வொர்த்
ஐயோ.

செந்தூல்_பையன்
அக்கா சொன்னது சரி. டீச்சர், பயாஸ்ல கீ இருக்கான்னு காட்டுற ஒரு வரி தனி மெசேஜ்ல அனுப்பியிருக்கேன், பாருங்க. கூடவே விண்டோஸ் செக்யூரிட்டில வைரஸ் பகுதிக்குள்ள போய் எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ல (வைரஸ் தேடாம விடற இடங்கள்) என்ன இருக்குன்னு பாருங்க.

மதி_பட்டர்வொர்த்
கீ காட்டுது!! ஹோம் சிங்கிள் லேங்குவேஜ்னு சொல்லுது. எக்ஸ்க்ளூஷன்ல சி டிரைவ் விண்டோஸ் ஃபோல்டர் முழுசும் இருக்கு. நான் போடல.

செந்தூல்_பையன்
கிராக் போட்டவன் போட்டது. அதுக்குள்ள எது வந்து உக்காந்தாலும் விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் கண்டுக்காதுன்னு அர்த்தம். மே மாசத்துலேர்ந்து அந்த மிஷின்ல பேங்க் லாகின் பண்ணியிருக்கீங்களா? பண்ணியிருந்தா வேற போன்லேர்ந்து பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க. ஃபார்மட் பண்ணாம முடியுமான்னு கேட்டீங்க, முடியாது, முடிஞ்சாலும் நான் விடமாட்டேன்.

கமலா_பிரிக்பீல்ட்ஸ்
ஆமா, சுத்தமா போடறதுதான் வழி. ஃபைல் எல்லாம் வெளி டிஸ்க்ல எடுத்து வைங்க, ரெண்டு இடத்துல இருந்தா இன்னும் நல்லது. இன்னொரு நல்ல மிஷின்ல மைக்ரோசாஃப்ட் தளத்துலேர்ந்து விண்டோஸ் போடற பெண்டிரைவ் தயார் பண்ற மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பெண்டிரைவ்ல போடுங்க, பெண்டிரைவ்ல இருக்கிறது அழிஞ்சிடும், காலியானதா எடுங்க. அதுலேர்ந்து பூட் பண்ணி, இருக்கிற பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சுட்டு போடுங்க. எந்த எடிஷன்னு கேக்காது, பயாஸைப் படிச்சு அதுவே ஹோம் எடுத்துக்கும், நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆகும். ஆபிஸும் கிராக்னா அது திரும்ப வராது.

பழைய_டெக்னிஷன்
ஐ5 7200 இன்டெல் ஏழாவது தலைமுறை பிராசசர், விண்டோஸ் 11 போகாது, மைக்ரோசாஃப்ட் எட்டாவதுலேர்ந்துதான் ஏத்துக்கறான். 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சுது. இதை யாருமே சொல்லல.

கமலா_பிரிக்பீல்ட்ஸ்
சொல்ல வந்தேன் அண்ணே, நீங்க முந்திட்டீங்க. அப்டேட் பக்கத்துல ஈஎஸ்யூங்கிற கூடுதல் அப்டேட் திட்டத்துல சேரச் சொல்லி ஒரு லிங்க் வரும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங்ஸ் பேக்கப் வச்சா காசு வேணாம், 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். இது ஹோமுக்கு உண்டு, கிராக் போட்ட எல்டிஎஸ்சிக்கு இல்ல.

பெங்குவின்_பக்தன்
அப்ப 2026க்கு அப்புறம்? அப்பவும் நான் இங்கதான் இருப்பேன்.

அஞ்சல்_அன்பன்
டீச்சர், ஒரு முக்கியமான விஷயம். பயிற்சித்தாள் எந்த எழுத்துருல அடிச்சது? எல்லா மிஷின்லயும் தெரியற யூனிகோடா, பழைய ஃபான்ட்டா? பழசுன்னா ஃபார்மட் அடிச்சதும் ஃபான்ட் போயிடும், திருக்குறள் எல்லாம் கோணல்மாணல் இங்கிலீஷ் குறியா தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்லேர்ந்து அதைத் தனியா எடுத்து வைங்க. டைப் பண்றதுக்குத் தனியா எதுவும் வாங்க வேணாம், விண்டோஸ் 10லயே 2019லேர்ந்து அஞ்சல் கீபோர்டு உள்ள இருக்கு.

ஜெலுத்தோங்_ரவி
சிங்கிள் லேங்குவேஜ்னா ஒரு மொழிதானே, தமிழ் எப்படி அடிக்கிறது?

அஞ்சல்_அன்பன்
அது மெனு காட்டுற மொழிக்கு மட்டும்தான். கீபோர்டு எத்தனை வேணும்னாலும் சேக்கலாம். அஞ்சல்ல அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சா அம்மா வந்துடும்.

தமிழ்99_மாணிக்கம்
அங்கதான் தப்பு. தமிழை இங்கிலீஷ் எழுத்து வழியா யோசிக்கப் பழக்கறது. 1999ல சென்னை தமிழிணைய மாநாட்டுலயே தமிழ்99 கீபோர்டுதான்னு முடிவாச்சு, உயிர் இடது கை, மெய் வலது கை, புள்ளி பாதி இடத்துல தானா விழும். அதுவும் விண்டோஸ் உள்ளேயே இருக்கு. ஆசிரியரே அஞ்சல்ல அடிச்சா பிள்ளைங்க என்ன பண்ணும்?

அஞ்சல்_அன்பன்
நம்ம மலேசியா முத்து நெடுமாறன் 80களிலேயே முரசுங்கிற தமிழ் மென்பொருளை எழுதினவரு, அஞ்சல் நம்ம வீட்டுச் சாமான். தமிழ்ப்பள்ளில பாதிப் பேரு அதுலதான் பழகினது. சென்னை முடிவு சென்னைக்கு.

தமிழ்99_மாணிக்கம்
முரசு அஞ்சல்லயே தமிழ்99 இருக்கு, அதைத் திறந்து பார்த்திருக்கீங்களா?

செந்தூல்_பையன்
ரெண்டு பேரும் டீச்சர் ஃபார்மட் அடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க லா.

தமிழ்99_மாணிக்கம்
கை வேகம் எவ்வளவுன்னு ஒரு நாள் நேர்ல வச்சுப் பார்ப்போம். பினாங்கு கொம்தார் கட்டிடத்துக்குக் கீழ வாங்க, லேப்டாப் நான் கொண்டு வர்றேன்.

மதி_பட்டர்வொர்த் (ஞாயிறு இரவு 10.05)
போட்டாச்சு. ஆக்டிவேஷன்ல டிஜிட்டல் லைசென்ஸ்னு வருது, கீயே கேக்கல. ஸ்டோரும் வந்துடுச்சு. ஃபான்ட் மெசேஜை ஃபார்மட் அடிச்சதுக்கு அப்புறம்தான் பார்த்தேன், 2014க்கு முந்தின தாள் எல்லாம் கோணல்மாணலா கிடக்கு. நாளைக்குப் பாடம் வேற, அப்புறம் வர்றேன். கமலா அக்காவுக்கு நன்றி.

அஞ்சல்_அன்பன்
ஃபான்ட் பேரு ஞாபகம் இருக்கா டீச்சர்? பேரு தெரிஞ்சா யூனிகோடுக்கு மாத்தித் தர்றேன்.

அஞ்சல்_அன்பன் (வியாழன்)
டீச்சர்?

ஜெலுத்தோங்_ரவி
புது விண்டோஸ்ல தேதி சரியாதானே காட்டுது?