புதுப்பிப்பு: 90 செ.மீ. ஸ்பியர்கன்னில் (நீருக்கடியில் மீன் குத்தும் துப்பாக்கி) கலவா மீன் கழன்ற பிரச்சினை தீர்ந்தது

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: குளச்சல் பக்கத்துப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டு), 7 மி.மீ. ஷாஃப்ட் (மீனைக் குத்தும் கம்பி), அதை எய்ய ஒற்றை 16 மி.மீ. ரப்பர், முன்னால் திருகும் இரட்டைக் கொக்கி முனை (மீனைத் துளைத்து மறுபக்கம் வந்ததும் கொக்கி விரிந்து பிடிக்கும்). குத்திய கலவா கழன்றுகொண்டே இருந்தது.

6.5 மி.மீ. கம்பிக்கு இறங்கச் சொன்ன அண்ணன் சொன்னதே சரி. ஒற்றை ரப்பருக்கு 7 மி.மீ. கனம் அதிகம். கம்பி மறுபக்கம் வராமல் நின்றுவிடும். கொக்கி உடம்புக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும், விரியாது. இப்போது மாட்டியிருப்பது 6.5 மி.மீ., 130 செ.மீ. நீளம், ஒற்றைக் கொக்கி, திருகு இல்லாத ஒரே கம்பி. முனை உருண்டைக் கூர். முப்பட்டை முனை நன்றாகத்தான் இறங்கும், ஆனால் பாறையில் ஒரே அடியில் மழுங்கிவிடும். தீட்ட கை அரம் போதும். கிரைண்டர் சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

எதிர்பாராதது இரண்டு. குத்து சற்று மேலே விழுகிறது, இலேசான கம்பி குறைவாகத் தாழ்வதால். பொந்துக்குள் கலவா முறுக்கினால் 6.5 மி.மீ. கம்பி வளையும், கண்ணாடிமேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும்.

வாங்குமுன் கம்பியின் பின்பக்க வெட்டு உங்கள் ட்ரிகரில் பூட்டுகிறதா என்று ரப்பர் மாட்டாமல் பாருங்கள்.