வீட்டு முகப்பை மாற்ற விடாத விதிகள்: உங்கள் அனுபவம்?

புதுவைவாசி:
புதுச்சேரி தமிழர் பகுதியில் தாத்தா காலத்து வீடு. தெருப்பக்கத் தாழ்வாரத்தை எடுத்துவிட்டு, கார் நிறுத்த ஷட்டர் போடலாம் என்று பிளான் கொடுத்தோம். மரபுப் பட்டியலில் இருக்கிற வீடு, முகப்பில் கை வைக்கக்கூடாது என்று திருப்பிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நேரில் பார்க்க வந்தவர் அம்மாவிடம், "இந்த மரத்தூணை மட்டும் எடுத்துடாதீங்கம்மா" என்றார். முட்டிவலிக்காரி, அந்தத் தூணைப் பிடித்துத்தான் படியேறுவாள். "தூண் இருக்கட்டும் சார், படியையாவது தாழ்த்திக்க விடுங்க" என்றாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தேக்குத்தூண்:
அம்மா கேட்டது நியாயம். ஷட்டரை ஒப்புக்கொள்ள மாட்டேன். வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். தாழ்வாரமும் திண்ணையும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வருவதுதான் அந்தத் தெருவுக்கே அழகு. ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு முகப்புகளைச் சீரமைத்து, 2008-ல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருதும் வாங்கிய தெரு அது. எங்கள் பக்கத்து வீட்டை ராத்திரியில் இடித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய பழைய கூரை) செங்கல் எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தது, பாட்டி எழுந்து உட்கார்ந்து அழுதாள். விதி இருந்தும் இந்தக் கதி.

சிராங்கூன்:
சிங்கப்பூர் லிட்டில் இந்தியா 1989-லிருந்து மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதி. மாமாவின் கடைவீட்டில் மர ஜன்னலை அலுமினியமாக்க விடவில்லை, ஓடும் அதே களிமண் ஓடுதான். ஆனால் பின்பக்கம் கொஞ்சம் கட்டிக்கொள்ள மாமாவை விட்டார்கள். குடியிருப்பவருக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். புதுவையில் அதைத்தான் கேட்க வேண்டும்.

சுண்ணாம்பு:
எங்களுக்கு நிறம் மாற்றும்போதுதான் தகராறு, அது முடிந்துவிட்டது. புதுவைவாசிக்குச் சில வார்த்தை. முதலில் முகப்பை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வையுங்கள். மேஸ்திரி சிமென்ட் பூசலாம் என்பார், விடாதீர்கள். பழைய செங்கல் சுவரில் சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், கடல் உப்பும் சேர்ந்தால் பொரிந்து கொட்டும். சுண்ணாம்புச் சாந்துதான் சுவரை மூச்சுவிட வைக்கும். தாழ்வாரக் கட்டையில் கரையான் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே தட்டிப் பாருங்கள். 2014 நவம்பர் மழையில், பிரெஞ்சுக் காலத்து நகரமன்றமான மேரி கட்டடமே சரிந்தது நினைவிருக்கட்டும். படிக்கு முன்னால் தனியாக ஒரு மரப்படி போடுங்கள், சுவரில் ஆணி அடிக்காமல். முகப்பு மாறாது.

புதுவைவாசி:
மரப்படி நல்ல யோசனை. ஆனால் தெருவில் ஓரடி நீளும், ஆக்கிரமிப்பு என்று தூக்கிவிட மாட்டார்களா? அப்படி வைத்திருப்பவர் யாராவது சொல்லுங்கள்.