16 கிலோ மவுண்டன் பைக்: 25,000 ரூபாய்க்குள் பாரம் குறைக்க எங்கே கை வைக்கலாம்?

மூன்றாம்மாடி:
வணக்கம். என்னிடம் இருப்பது 29 அங்குல மவுண்டன் பைக், அலுமினியம் பிரேம், டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன், 3x7 கியர் (முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் ஏழு). 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் அவசரத்துக்கு வாங்கியது. வெளிநாடு போகும்போது பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தேன், 16 கிலோவுக்குக் கிட்ட வருகிறது. வீடு கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, கீழே விட்டால் காலையில் இருக்குமா என்பது சந்தேகம், அதனால் தினமும் தோளில்தான் ஏறுகிறது. வேலைக்கு மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி வரை, சில ஞாயிறுகளில் லபுகம பக்கம். இணையத்தில் டைட்டேனியம் போல்ட் செட்டும் மலிவான கார்பன் ஹேண்டில்பாரும் கண்ணில் படுகின்றன. வாங்கலாமா?

பழைய செயின்:
தம்பி, போல்ட்டை விடுங்கள், முழு செட் மாற்றினாலும் சில பத்து கிராம்தான் போகும். பெயர் தெரியாத கார்பன் ஹேண்டில்பார் வேண்டவே வேண்டாம். அலுமினியம் என்றால் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும், கார்பன் சொல்லாமல் முறியும், அதுவும் டார்க் ஸ்பேனர் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இறுக்கினால் வெடிப்பு எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

படியில் ஏற்றும்போது எங்கே குறைத்தாலும் கிலோ கிலோதான். வீதியில் அப்படியில்லை. டயரிலும் ரிம்மிலும் இருக்கும் பாரத்தை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், அதனால் சிக்னலில் நின்று கிளம்பும்போது அது கிட்டத்தட்ட இரட்டிப்பாக இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் காசு டயரில்தான் போக வேண்டும். கம்பி விளிம்பு வைத்த முள்ளு டயர் ஒன்று 800, 900 கிராம் வரும். நடுப்பகுதி வழுவழுப்பான, மடிக்கக்கூடிய டயர் (கடையில் ஃபோல்டிங் என்றே கேளுங்கள்) 600 அளவில் கிடைக்கும், இரண்டிலும் சேர்த்து அரைக் கிலோ.

ஆனால் முதலில் செலவில்லாத வேலை: சைட் ஸ்டாண்ட், இரும்புக் கரியர், பின் பற்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தட்டு. பெரிய பூட்டை அலுவலகத்திலேயே விட்டுவிடுங்கள், அதுவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். பெல்லைக் கழற்றாதீர்கள், காலி வீதியில் (Galle Road) த்ரீவீலர்காரருக்கு அது கேட்கப் போவதில்லை, பரவாயில்லை, நடந்து போகிறவர்களுக்காவது கேட்கும்.

உப்புக்காற்று:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பெரிய பாரம் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், அதாவது முன் போர்க்கில் இருக்கிறது. மலிவான ஸ்பிரிங் போர்க் இரண்டரை கிலோவுக்குக் குறையாது, சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு போர்க் ஒரு கிலோ அளவு. ஒன்றரைக் கிலோ ஒரே அடியில் போகும். சக்கர அச்சிலிருந்து மேல் கிரவுன் (போர்க்கின் இரண்டு கால்களும் சேரும் இடம்) வரை உயரத்தை அளந்து, ஆள் ஏறினால் அமுங்குகிற இரண்டு சென்டிமீட்டர் அளவைக் கழித்துவிட்டுத் தேடுங்கள். மிகக் குட்டையாக இருந்தால் ஹேண்டில் துடிக்கும், வளைவில் பெடல் தரையில் தட்டும். டிஸ்க் பிரேக் மாட்டும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குன்றும்குழியும்:
லபுகம பக்கக் குண்டுகுழியில் போகிறவருக்கு இரும்பு போர்க்கா? மணிக்கட்டு கேட்காதே அண்ணா. டயரோடு டிபியு (TPU என்ற மெல்லிய பிளாஸ்டிக்) டியூப் போடட்டும், அதிலும் கால் கிலோ குறையும். டியூப்லெஸ் வேண்டாம், இந்த வெக்கைக்கு உள்ளே ஊற்றும் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

உப்புக்காற்று:
மரைன் டிரைவுக்கு சஸ்பென்ஷன் எதற்கு? லபுகமவுக்குக் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடினால் போதும், 2.1 அங்குல அகல டயரே பாதி அதிர்வை வாங்கிக்கொள்ளும். டிபியு டியூபுக்கு வீதியோரப் பஞ்சர் கடையின் சொலூஷன் ஒட்டாது, அதற்கென்று தனி ஒட்டு வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

மூன்றாம்மாடி:
மூவருக்கும் நன்றி. ஸ்டாண்டையும் கரியரையும் இப்போதே கழற்றிவிட்டேன், தராசு 14.7 காட்டுகிறது, சிரிப்புத்தான் வருகிறது. முன்னால் ஒரே பற்சக்கரமாக மாற்றினால் முன் ஷிஃப்டரும் டீரெய்லியரும் (செயினைப் பற்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) போகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஆனால் என் கிராங்கில் (பெடல் பூட்டும் பகுதி) மூன்று பற்சக்கரங்களையும் ஆணி அடித்துப் பிடித்திருக்கிறார்கள், போல்ட்டே இல்லை.

பழைய செயின்:
அப்படியென்றால் முழு கிராங்கும் மாற வேண்டும், உங்கள் காசுக்கு அது இப்போது வேண்டாம். சீட் கம்பியில் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் இரும்பு, அலுமினியம் போட்டால் இன்னும் 200 கிராம் அளவு போகும். பழைய கம்பியில் 27.2, 30.9, 31.6 என்று மில்லிமீட்டரில் ஏதாவது விட்டம் பொறித்திருக்கும், அதே எண்தான் வேண்டும், கடைக்காரர் "கிட்டத்தட்ட சரி" என்று தருவதை எடுக்காதீர்கள். போடும்போது கிரீஸ் தடவுங்கள், கடல் காற்றில் ஒரு வருடம் கிடந்தால் பிரேமோடு பிடித்துக்கொள்ளும்.

டயர், டியூப், சீட் கம்பி முடிந்து மிச்சம் இருந்தால் போர்க். அதற்கும் மேலே செலவு செய்யத் தோன்றினால் நிறுத்திவிட்டு, இதை விற்று ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் ஒன்றைப் பாருங்கள், அந்தக் கடைகளுக்கும் கொக்கித் தராசைக் கையோடு கொண்டு போங்கள்.