ஆராய்ச்சிக்கு வந்தவர்களோடு பழகிய அனுபவம்: செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் எழுதுங்கள்

செக்காலைவாசி:

வீடு பார்க்கவும் சாப்பிடவும் நம் பக்கம் வருகிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அளக்கவும் சோதிக்கவும் கேட்டு எழுதிக்கொள்ளவும் வருகிறவர்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. மாணவரோ, பேராசிரியரோ, விஞ்ஞானியோ, நேரில் பழகிய ஒருவரைப் பற்றி எழுதுங்கள். என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன தெரிந்துகொண்டீர்கள், கடைசியில் முடிவு உங்கள் கைக்கு வந்ததா? அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்.

நானே தொடங்குகிறேன். காரைக்குடியில் வளர்ந்தவனுக்கு ஆராய்ச்சி என்றால் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். இதெல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

பொதுமக்களை உள்ளே விடுகிற ஒரு நாளில் வாத்தியார் எங்களைக் கூட்டிப் போனார். உலோகம் துருப்பிடிப்பதை ஆராய்கிற அரிமானப் பிரிவில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். மேஜையில் மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்புத் தண்ணீர். ஒன்றில் வெறும் ஆணி, ஒன்றில் செம்புக் கம்பி சுற்றிய ஆணி, இன்னொன்றில் துத்தநாகத் தகடு சுற்றிய ஆணி. செம்பு சுற்றியதுதான் அதிகமாகத் துருப்பிடித்திருந்தது. துத்தநாகம் சுற்றியது புது ஆணி போல இருந்தது, தகடு மட்டும் அரித்துப் போயிருந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதற்காகத்தான் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "தம்பி, உங்க வீட்ல மழைத்தண்ணி பிடிக்கிற இரும்பு டிரம் இருக்கா? எந்த உயரத்துல துரு ஜாஸ்தின்னு பார்த்து எனக்கு ஒரு கார்டு போடு" என்றார்.

பார்த்தேன். அடியில் இல்லை. தண்ணீர் வழக்கமாக நிற்கிற மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேதான் தகடு பொரிந்து கிடந்தது. கார்டு போட்டேன். தமிழில் ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது. மேல்மட்டத்துத் தண்ணீரில் காற்றின் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருக்கும், சற்றுக் கீழே குறைவு. இந்த வித்தியாசமே டிரம்மின் சுவரில் ஒரு சின்ன மின்கலத்தை உண்டாக்குகிறது, ஆக்சிஜன் குறைந்த இடத்து இரும்புதான் கரைகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தார். ஒரு பள்ளிக்கூடப் பையன் பார்த்துச் சொன்னதையும் ஒரு தகவலாக மதித்தார் அந்த அம்மா. அவரை நினைத்தால் இன்றைக்கும் மரியாதையாக இருக்கிறது.

கொத்தனார் மகன்:

அண்ணே, உங்களுக்குக் கடிதமாவது வந்தது. எங்களுக்கு அதுவும் வரவில்லை.

அப்பா சுண்ணாம்புப் பூச்சு வேலையில் தேர்ந்த கை. கானாடுகாத்தான், கடியாபட்டி, கோட்டையூர்ப் பக்கம் பழைய வீட்டுச் சுவரைச் சரிபண்ண வேண்டும் என்றால் அவரைத் தேடி வருவார்கள். ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து கட்டடத் துறை மாணவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஒரு குறையும் சொல்ல முடியாது. சுண்ணாம்பை எப்படித் தாளிப்பது, எத்தனை நாள் ஊறவிடுவது, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் எந்தப் பக்குவத்தில் சேர்ப்பது, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவை எப்படி அடிப்பது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். அப்பாவும் மறைக்காமல் சொன்னார். பக்குவத்தை மட்டும் அவரால் அளவாகச் சொல்ல முடியவில்லை. கரண்டியில் ஒட்டுகிற விதத்தைக் காட்டி, "இப்படி இருக்கணும்" என்றார். அந்தப் பிள்ளைகள் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டார்கள்.

நான் மறக்காதது அவர்கள் செய்து காட்டிய ஒரு சோதனை. பழைய சுவரிலிருந்து தானாக விழுந்த ஒரு துண்டையும், அப்பா சமீபத்தில் பூசிய இடத்திலிருந்து ஒரு துண்டையும் உடைத்து, உடைந்த முகத்தில் ஃபீனால்ப்தலீன் என்ற மருந்தைத் தெளித்தார்கள். பழைய துண்டு நிறம் மாறவில்லை. புதுத் துண்டின் உள்பக்கம் பளிச்சென்று ரோஜா நிறமாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் மெல்லிதாக வெள்ளை.

நீற்றிய சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதனால்தான் அந்த நிறம். காற்றிலுள்ள கரியமில வாயுவை அது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. மாறின இடத்தில் நிறம் வராது. அந்த மாணவர் இதை விளக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அப்பா துண்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஓரம் மட்டும் காத்துக் குடிச்சிருக்கு, உள்ள இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா விடவில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசுவதை அவர் ஏன் எதிர்க்கிறார் என்று அங்கேயே காட்டினார். செங்கலில் ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். உள்ளே உப்புப் பூத்துச் சுவர் பொரிந்து விழும். வீட்டுக்காரர்களிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவர் அவர். ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இதை அளந்து எழுதித் தந்தால் காட்டலாமே என்று ஆசைப்பட்டார். "முடிஞ்சதும் அனுப்புறோம் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, பட்டம் வாங்கி வேலைக்குப் போயிருப்பார்கள். கல்லூரிதான் ஒரு வழக்கமாக இதை வைத்திருக்க வேண்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:

கொத்தனார் மகனுக்கு: வருத்தப்படாதே தம்பி. எல்லாரும் அப்படி இல்லை. எங்கள் வீட்டுக்கு உணவு அறிவியல் படிக்கிற பெண் ஒருத்தி கவுனி என்கிற கறுப்பு அரிசிக்காக வந்தாள். அவள் செய்ததைச் சொல்கிறேன்.

கவுனி அரிசி இன்றைக்குக் கடை கடையாகக் கிடைக்கிறது. எங்களுக்கு அது கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் வைக்கிற பலகாரம். முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, நன்றாக வேகவைத்து, சூட்டோடு சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளற வேண்டும். அந்தப் பெண் அடுப்படியில் என் பக்கத்திலேயே நின்றாள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தேன். "ஏன் ஆச்சி?" என்றாள். எங்கள் ஆயா அப்படித்தான் செய்வார்கள், கொட்டினால் நிறம் போய்விடும் என்றேன். உடனே அந்தத் தண்ணீரில் கொஞ்சம் இரண்டு கிண்ணத்தில் எடுத்தாள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டாள், சிவந்துபோனது. இன்னொன்றில் சோடா உப்புப் போட்டாள், நீலமும் பச்சையுமாக மாறியது. என் பேத்திகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

கவுனியின் கறுப்பு, தவிட்டுத் தோலில் இருக்கிற ஆந்தோசயனின் என்ற நிறமியாம். நாவல் பழத்திலும் அதுதானாம். தண்ணீரில் கரையும், புளிப்புக்கும் சோடா உப்பு மாதிரியான காரத்துக்கும் நிறம் மாறும். தோலைத் தீட்டாமல் வைத்திருப்பதால்தான் தண்ணீர் உள்ளே போக அவ்வளவு நேரமாகிறது, அதனால்தான் ராத்திரி முழுக்க ஊறல். வெந்ததும் ஒட்டிக்கொள்கிற அரிசிகளில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து குறைவாக இருக்கும் என்றும் சொன்னாள்.

"இதைச் சாப்பிட்டா சுகர் குறையும்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சட்டென்று ஆமாம் என்று சொல்லவில்லை. அரிசியில் இவ்வளவு நிறமி இருக்கிறது என்று அளப்பது வேறு, சாப்பிட்டவர் உடம்பில் என்ன ஆகிறது என்று பார்ப்பது வேறு ஆச்சி, என் படிப்பு முதலாவதோடு நின்றுவிடும் என்றாள். சர்க்கரையும் தேங்காயும் சேர்த்த பிறகு கணக்கே மாறிவிடும், மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னாள். யூடியூபில் பேசுகிறவர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

படிப்பு முடிந்ததும் திரும்பி வந்தாள். ஊறல் தண்ணீரைக் கொட்டினால் எவ்வளவு நிறமி போகிறது, அதிலேயே வேகவைத்தால் எவ்வளவு தங்குகிறது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொண்டுவந்தாள். எங்கள் ஆயா வழிதான் அதிகம் தங்க வைக்கிறது. அந்தத் தாளை அடுப்படி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை பேரன்:

எங்கள் வீட்டில் நடந்தது கணினி சம்பந்தப்பட்டது. ஐயா காலத்துக் கணக்கு ஏடுகள், பேரேடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பழைய கையெழுத்தைப் படமெடுத்துத் தானாகவே படிக்கிற மென்பொருள் செய்கிற மாணவர் ஒருவர் தேவகோட்டைக்கு வந்தார். அச்செழுத்தைப் படிக்க அவருடைய நிரல் நன்றாகப் பழகியிருந்தது. எங்கள் ஏட்டில் திணறிவிட்டது. காரணம் தமிழ் எண்கள். ஒன்றுக்கு ௧, இரண்டுக்கு ௨, எட்டுக்கு ௮, பத்துக்கு ௰. கால் என்பதை 'வ' போலவே எழுதுவார்கள். நிரலுக்கு எது எழுத்து, எது எண் என்று புரியவில்லை.

அதோடு பின்னங்கள். மாகாணி 16-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. இந்தக் குறிகளுக்கெல்லாம் கணினியில் இடம் கிடைத்ததே 2019-இல்தான், கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் 12-ஆம் பதிப்பில். அதற்கு முன்பு யாராவது நம் கணக்கைத் தட்டச்சு செய்ய நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது என்று அவர் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

வழி சொன்னது பக்கத்து வீட்டு அப்பச்சி. வயதானவர், பழைய கணக்கு படிக்கத் தெரிந்தவர். அவரும் சில இடத்தில் எழுத்துப் புரியாமல் நிறுத்துவார். ஆனால் அங்கே தடுமாற மாட்டார். கீழே போய்க் கூட்டுத்தொகையைப் பார்ப்பார், வரவு பற்று நேராக வேண்டும் என்றால் இந்த இடத்தில் என்ன எண் இருந்தாக வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, "இது கால் இல்ல, அரைக்கால்" என்பார். மாணவர் எழுந்து நின்றுவிட்டார். நிரலும் ஒவ்வொரு எழுத்தாக முடிவு செய்யாமல், சந்தேகமான இடங்களில் இரண்டு மூன்று வாய்ப்புகளை வைத்துக்கொண்டு, கூட்டுத்தொகை எதற்குச் சரிவருகிறதோ அதை எடுக்கும்படி மாற்றப்போவதாகச் சொன்னார். மாற்றியும் காட்டினார். ஊருக்குப் போன பிறகு காணொளி அழைப்பில் அப்பச்சிக்கு அது படிக்கிற விதத்தைக் காட்டினார்.

ஆண்டு விஷயத்திலும் அப்பச்சிதான் உதவினார். ஏட்டில் விரோதி, விக்ருதி என்று ஆண்டுப் பெயர்தான் இருக்கும். 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். எந்தச் சுற்று என்று, ஏட்டில் வரும் கடைப் பெயரையும் ஆள் பெயரையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

அப்பச்சி ஒரு நிபந்தனை போட்டார். யார் யாருக்குக் கடன் பட்டார்கள் என்பது தெரியும்படி பெயர்களை வெளியிடக் கூடாது. மாணவர் ஒப்புக்கொண்டு, படங்களில் பெயர்களை மறைத்தே வைத்திருக்கிறார். மற்றவர்களும் ஏடு கொடுக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

வெயில்மானி:

என்னுடையது சின்ன அனுபவம். நான் ஒரு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் முகப்பு, வளவு என்கிற திறந்த முற்றம், இரண்டாங்கட்டு என்று இடத்துக்கு ஒரு வெப்பப் பதிவுக் கருவியை மாட்டிவிட்டுப் போனார். காலையில் வெயில் ஏறுவதற்குள் தெருப்பக்கத்துக் கதவு சன்னலைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் திறப்பது என் வழக்கம். சாத்தாத நாட்களையும் வேண்டுமென்றே வைத்து ஒப்பிட்டார். சாத்திய நாட்களில் உள்அறைகளில் சூடு ஏறுவது நன்றாகத் தள்ளிப்போனது. ராத்திரியில் திறந்த வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டு வளவில் குளிர்ந்த காற்று இறங்கித் தங்குகிறது, கனத்த சுவர் அதைப் பிடித்து வைக்கிறது, கதவைத் திறந்து வைத்தால் தெருச் சூடு அதைக் கலைத்துவிடுகிறது என்று விளக்கினார். வரைபடத்தை வீட்டு முதலாளிக்கு மட்டும் அனுப்பாமல் எனக்கும் ஒன்று தந்தார்.

செக்காலைவாசி:

கொத்தனார் மகனுக்கு ஒரு தகவல். முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் தேடிப் பார்க்க வழியுண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்ற இணையதளத்தில் ஏற்றுகிறார்கள், பணம் கட்டாமல் படிக்கலாம். கல்லூரி அளவிலான திட்ட அறிக்கை என்றால் அங்கே இருக்காது. துறைத்தலைவருக்கு அப்பா பெயரில் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் என்னிடம் கொடுங்கள், உட்கார்ந்து தமிழில் எழுதித் தருகிறேன்.

கொத்தனார் மகன்:

நன்றி அண்ணே, இந்த வாரமே எழுதுகிறேன். அப்பாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கடுக்காய்த் தண்ணீரையும் கருப்பட்டியையும் சேர்த்துப் புளிக்க வைத்துக் கலந்த சாந்தையும், புளிக்காமல் அன்றன்றைக்குக் கலந்த சாந்தையும் தனித்தனியாகப் பூசி, காய்ந்த பிறகு யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? இந்தத் துறையில் படிக்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இரண்டு சாந்தும் அவரே கலந்து, பலகையில் பூசித் தருகிறேன் என்கிறார்.