புதுப்பிப்பு: ஜெர்மனி ஆட்டோபான் (விரைவு நெடுஞ்சாலை) நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு வழி

ஆட்டோபானில் நெரிசல் ஆனால் வண்டிகள் இருபக்கமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு நடுவே வழி விட வேண்டும். ஜெர்மனி சாலை விதிகள் பற்றிய என் முந்தைய இழையில் இதை ஒரே வரியில் சொல்லியிருந்தேன். மூன்று லேன் இருந்தால் நடுவில் இருப்பவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

வலப்பக்கம்தான். இடது ஓர லேனில் இருப்பவர் மட்டும் இடதுபக்கம்; நான்கு லேன் ஆனாலும் மற்ற எல்லோரும் வலதுபக்கம். வலது கையைக் கவிழ்த்து வைத்து, விரல்களை லேன்களாக நினைத்துப் பாருங்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருப்பதுதான் வழி.

பலர் தவறுவது நேரத்தில். சைரன் கேட்ட பிறகு அல்ல, வண்டிகள் நடைவேகத்துக்கு இறங்கியதுமே ஒதுங்கிவிட வேண்டும். முன்வண்டியை ஒட்டி நின்றுவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் பக்கவாட்டில் நகராது. ஆகவே இடைவெளி விட்டு, லேன் கோட்டுக்கு இணையாக நிறுத்துங்கள். பின்பகுதி குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தால் அகலமான தீயணைப்பு வண்டி நுழையாது. ஒரு ஆம்புலன்ஸ் போனதும் தயவுசெய்து வழியை மூடிவிடாதீர்கள், பின்னால் இன்னும் வரும்.

வழி விடாவிட்டால் 200 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவில் 2 தண்டனைப் புள்ளிகள், ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. அந்த வழியில் நீங்களே புகுந்து போனால் 240 யூரோ, மற்றவை அதே. பைக்குக்கும் விலக்கு இல்லை.